நெடுவழிக் குதிரையும் நமது சவாரி மாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வன்னி மண்ணில் நின்றுகொண்டு குதிரையைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். வட பகுதியிற் குதிரைக் கூட்டத்தைக் காண விரும்புவோர் நெடுந்தீவுக்கே செல்லவேண்டும்; அங்கும் அவை ஏறுவாரின்றித் தம் போக்கில் மேய்கின்றன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கமக்காரனோடு கூட நின்று உழைத்தது மாடு. ஆயினும், குதிரைக்காரர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடமொன்று மாட்டுக்காரராகிய நமக்கும் வேண்டியதென்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நெடுந்தூரக் குதிரையோட்டம் என்பது பந்தயத் திடலிற் சில நிமிஷங்களில் முடிந்துவிடுவதன்று. மலையும் காடும் ஆறும் கடந்து ஒரே நாளில் 160 கிலோமீற்றர் வரை செல்வது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதனிலும் சிறிது கூடவே இருக்கும்.

1892 ஆம் ஆண்டில் ஜெர்மானிய இராணுவ அதிகாரிகளும் ஒஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளும் வியன்னாவுக்கும் பேர்லினுக்கும் இடையே ஓர் ஓட்டம் நடத்தினர். தூரம் ஏறக்குறைய 580 கிலோமீற்றர். ஸ்டார்ஹெம்பேர்க் என்னும் பிரபு 72 மணித்தியாலத்துக்குள் வியன்னாவிலிருந்து பேர்லினை அடைந்து முதற்பரிசு பெற்றார். அவரைச் சுமந்து வந்த குதிரையோ மாண்டுபோயிற்று. வேறு பல குதிரைகளும் அவ்வாறே மடிந்தன. சுமந்த உயிர் செத்துக்கிடக்க, ஏறியவன் பரிசு வாங்குவதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்விக்கு விடை தரும் ஓட்டங்களும் பின்னாளில் எழுந்தன. 1955 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெண்டல் ரோபி என்பவர் டெவிஸ் கிண்ண ஓட்டத்தைத் தொடக்கிவைத்தார். 100 மைல் மலைப்பாதையை 24 மணித்தியாலத்துக்குள் கடக்கவேண்டும். புறப்படுவனவற்றுள் ஏறக்குறையப் பாதிக் குதிரைகளே முடிவை எட்டுகின்றன. எஞ்சியவற்றுட் பலவற்றை வழியில் நிறுத்துபவர் யார் தெரியுமா? மிருகவைத்தியர்!

இத்தகைய ஓட்டங்களிற் பாதை பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வைத்தியர் நாடியை எண்ணுவார். இளைப்பாறி நிற்கும் குதிரையின் இருதயம் நிமிஷத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும். ஓடி வந்த குதிரையின் துடிப்புக் குறித்த நேரத்துக்குள், பொதுவாக, 64 க்கு இறங்கவேண்டும். தோலைக் கிள்ளிப் பார்ப்பார். அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். வயிற்றிற் காதுக்குழாய் வைத்துக் குடலின் ஓசையைக் கேட்பார். சிறிது ஓடவிட்டு நொண்டுகிறதா என்று நோக்குவார். குறை கண்டால், முதலில் வந்த குதிரையாயினும் நிறுத்தப்படும். டெவிஸ் ஓட்டத்தில் 1964 முதல் இன்னொரு கிண்ணமும் உண்டு. முதலில் வரும் பத்துக் குதிரைகளுள் மிக நல்ல நிலையில் உள்ளதற்கே அது உரியது.

இதனை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று மிஷன் பாடசாலையிற் படித்த நாம் எண்ணிவிடலாகாது. நளன் கதையை நினைத்துப் பாருங்கள். தமயந்தியின் இரண்டாஞ் சுயம்வரத்துக்கு ஒரே நாளிற் போய்ச்சேர வேண்டுமென்றான் இருதுபன்னன். வாகுகனாய் மறைந்திருந்த நளனோ மெலிந்த குதிரைகளைத் தேர்ந்தெடுத்தான். அரசன் ஐயுற்றான். ஆனால் நெடுவழிக்கு வேண்டியது கொழுத்த உடலன்று என்பதை நளன் அறிந்திருந்தான். போய்ச்சேர்ந்ததும் அவன் செய்தது யாது? குதிரைகளை அவிழ்த்து, முறைப்படி பேணி, தேற்றிய பின்னரே தான் அமர்ந்தான் என்று பாரதம் கூறுகிறது.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போனவர்கள் குளக்கட்டில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்ட பின்பே தம் சோற்றுப் பொதியை அவிழ்த்தார்கள்.

இனி நமது சவாரித் திடலுக்கு வருவோம். உழவு இயந்திரம் வந்த பிறகும் நல்ல காளைகளை வளர்க்கும் ஆசையைக் காத்துத் தந்தது மாட்டுவண்டிச் சவாரி. அதற்காக அதனைப் போற்றுகிறோம். ஆனால் சில இடங்களில் ஆணி செருகிய தடியாற் குத்துவதும், வாலை முறுக்குவதும், இரத்தம் வடியும் மாட்டின் மேல் மாலை போடுவதும் நடக்கின்றனவே! “குத்தாவிட்டால் மாடு ஓடாது” என்பர் சிலர். எல்லாரும் குத்துவதை விட்டால் எல்லா மாடும் ஒரே நிலையில் நின்று ஓடும். அப்போதல்லவா எவன் நன்றாக வளர்த்தான், எவன் நன்றாகப் பழக்கினான் என்பது தெரியவரும்? மேலும், குதிரையைப் போல் மாடு வியர்த்துச் சூடு தணிப்பதில்லை. நம் வெயிலில் அதற்கு ஆபத்து அதிகம். மிருகவதையைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1907 இலேயே இயற்றப்பட்டது. சட்டம் வந்து சவாரியை நிறுத்துமுன் நாமே அதனைத் திருத்திக்கொள்வது நல்லதல்லவா?

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆணித்தடி திடலுக்குள் வரக்கூடாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மிருகவைத்தியர் மாடுகளைப் பார்க்கவேண்டும். தோலிற் குத்துக்காயம் கண்டால் பரிசு இல்லை. முதலில் வந்த சோடிக்குக் கிண்ணம் கொடுப்பது போல, நலம் குன்றாமல் ஓடி முடித்த சோடிக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கவேண்டும். அந்த இரண்டாவது கிண்ணத்தை வரும் ஆண்டில் நமது சங்கமே வழங்கலாகாதா?

நந்தியை வணங்கும் கையில் ஆணித்தடி இருக்கலாகாது. இதனை நிறைவேற்றும் பொறுப்பு வாலிபராகிய நம்முடையது.