கடையில் நிற்க ஆள் உண்டு, கற்றுக்கொடுக்க ஆள் எங்கே?

(மேலப்பாளையத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கல்வியைப் பற்றிப் பேச அழைத்தார்கள். மேடை ஏறி, 'படியுங்கள், படியுங்கள்' என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுவது எளிது. அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காதும் புளித்திருக்கும். எனவே நான் இன்று படிப்பதைப் பற்றிப் பேசப் போவதில்லை. கற்றுக்கொடுப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு ஜவுளி வியாபாரி என்னிடம் வந்தார். மனம் நொந்து பேசினார். "எங்க பய எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் படிச்சிட்டு, கம்பெனிக்குப் போக மாட்டேன், வாத்தியார் வேலைக்குத்தான் போவேங்கான். இதுக்கா இவ்வளவு செலவழிச்சேன்?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மனிதரின் வாழ்க்கைதான் அந்தப் பதில்.

1933-ம் ஆண்டு நமது ஈரோட்டில் பிறந்தவர் வி. ராஜாராமன். டெல்லியில் இயற்பியல் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அப்போது நாட்டில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ரைட்அவுட் என்றொரு பேராசிரியர் அங்கே வந்திருந்தார். கணக்குப் போடும் மின்னணு இயந்திரம் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அந்த ஓர் ஆசிரியரின் வருகை இந்த மாணவரின் பாதையையே திருப்பிவிட்டது. ராஜாராமன் அமெரிக்கா சென்றார். எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டமும், 1961-ல் விஸ்கான்சினில் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கேயே ஆசிரியப் பணியும் கிடைத்தது.

சகோதரர்களே! அங்கே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் அவர் திரும்பி வந்து, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1963-ல் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அட்டையில் துளையிட்டு, அந்த அட்டைகளை வரிசையாக உள்ளே செலுத்தினால்தான் அது கணக்குப் போடும். இயந்திரம் வந்துவிட்டது; அதை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவரும் உடனிருந்த ஆசிரியர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? இயந்திரத்தைப் பூட்டி வைத்துப் பெருமை பேசவில்லை. தங்கள் மாணவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. வெளியூர்களிலிருந்து விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் வரவழைத்து, பத்து நாள் பயிற்சி வகுப்புகளைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். 1965-ல் எம்.டெக். படிப்பில் கணினி அறிவியல் தொடங்கியது. இந்தியாவில் இத்துறைக்கு முறையான படிப்பு அமைந்தது அப்போதுதான். பின்னாளில் இன்போசிஸ் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி அங்கே அவரிடம் படித்தவர்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. அன்று கம்ப்யூட்டர் பாடநூல்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தன. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். ராஜாராமன் வகுப்பில் நடத்திய பாடத்தையே புத்தகமாக்கினார். 1969-ல் அது வெளிவந்தது. ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலையில்தான் விற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். குறைந்த லாபம், நிறைந்த விற்பனை! நம் கடைத்தெருவின் இந்தப் பாடத்தை அந்தப் பேராசிரியர் அறிவுக்குப் பொருத்தினார். அதன் பிறகும் நூல் மேல் நூலாக எழுதினார். எத்தனையோ ஊர்களில் நல்ல ஆசிரியர் வாய்க்காத மாணவனுக்கு அந்தப் புத்தகங்களே ஆசிரியராக இருந்தன.

இதற்கும் நெல்லைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்ற படிப்பு நாட்டில் வந்தது. அதற்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் இவர்தான். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதவனுக்கும், பி.எஸ்சி. படித்தவனுக்கும், பி.காம். படித்தவனுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பட்டம் வாங்கி, எம்.சி.ஏ. முடித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு அந்தப் பேராசிரியரின் பெயர் கூடத் தெரியாது. பாளையங்கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடுகிறவன் அணைக்கட்டு கட்டியவன் பெயரையா கேட்கிறான்? கேட்காவிட்டாலும் வயல் விளைகிறது.

1976-ல் பட்நாகர் விருதும், 1998-ல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 2025 நவம்பரில், தமது 92-வது வயதில் அவர் மறைந்தார். அவர் கம்பெனி தொடங்கவில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் கம்பெனிகள் தொடங்கினார்கள். 'இதுக்கா இவ்வளவு செலவழிச்சேன்' என்று கேட்ட அந்தத் தந்தைக்கு இதைத்தான் சொன்னேன்: "உங்கள் மகன் கம்பெனிக்குப் போனால் ஒரு குடும்பம் வாழும். நல்ல ஆசிரியரானால் ஆண்டுக்கு அறுபது குடும்பம் வாழும்."

பெரியவர்களே! நம் சமுதாய வணிகர்கள் கல்விக்குக் கொடுக்காதவர்கள் அல்ல. திருச்சியில் 1951-ல் ஜமால் முகமது கல்லூரியை எழுப்பியவர்கள் வணிகர்கள். நம் பாளையங்கோட்டையில் 1971-ல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எழுந்தது. கட்டடத்திற்குக் கேட்டால் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கக் கேட்டாலும் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன் நின்று சொல்லிக்கொடுக்க நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோமே, இது நியாயமா? பெண் பார்க்கப் போனால் கூட, 'மாப்பிள்ளை வாத்தியார்தானா?' என்று இழுக்கிறோம். கட்டடம் பாடம் நடத்துமா?

'இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இயந்திரமே புரோகிராம் எழுதுகிறது, இனி ஆசிரியர் எதற்கு?' என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். உங்கள் கடையில் பில் போடும் இயந்திரம் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் கணக்கு வருகிறது. அதற்காகக் கணக்குத் தெரியாதவனைக் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? தப்பான விலை விழுந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டுமல்லவா? ராஜாராமன் ஃபோர்ட்ரான் கற்பித்தார். பிறகு சி மொழிக்கும் நூல் எழுதினார். இன்று பைத்தான். மொழிகள் மாறும். ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் சரியா என்று பார்க்கும் புத்தி மாறாது. அந்தப் புத்தியை ஊட்ட ஒரு மனிதன் வேண்டும்.

இளைஞர்களே! வழி இருக்கிறது. எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ. படியுங்கள்; எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுதான். அதோடு பி.எட். முடித்தால் அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர் தேர்வை எழுதலாம். நெட் தேர்வில் வென்றால் கல்லூரி வாசல் திறக்கும். 2007 முதல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பிக்க ஆள் இல்லாமல் ஒதுக்கீட்டை வைத்து என்ன செய்வது?

வணிகப் பெருமக்களே! உங்களிடம் பெரிய தொகை கேட்கவில்லை. ஆசிரியராக விரும்பும் ஒரு பிள்ளையின் பி.எட். செலவை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் வீட்டுப் பெண்பிள்ளையாக இருந்தால் முதலில் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். கடை அடைத்த பிறகு உங்கள் கணக்குக் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தெருப் பிள்ளைகள் நாலு பேரை அதன் முன் உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். அந்த ஜவுளி வியாபாரியின் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஆம், தகப்பனார் சம்மதித்துவிட்டார். அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். எந்தக் கடையில் முதல் வகுப்பு என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.