வலி விட்டதும் இறங்கிவிடலாமா?

வடசென்னையில் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கம் சாயங்காலம் போனால் பந்து உருளாத மைதானத்தைப் பார்ப்பது அபூர்வம். மண் தரை, அங்கங்கே பள்ளம். பந்தோடு ஓடுகிற பையன் சட்டென்று திரும்புவான். பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும். எண்ணெய் போட்டு நீவி, கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆட்டம். கொஞ்ச நாளில் அதே கால் மறுபடி பிசகும். "ராசியில்லாத கால்" என்று முடித்துவிடுவார்கள்.

ராசியை விடுங்கள். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக இறங்குகிற பெரோனியஸ் தசைகள்தான் பாதம் மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை. பிசகும்போது கணுக்கால் ஜவ்வு கிழிகிறது; அதிலுள்ள உணர்வு நரம்புகளும் சேர்ந்து அடிபடுகின்றன. பாதம் சாய்கிற சேதி அரைகுறையாகத்தான் போகிறது என்று 1965-லேயே ஃப்ரீமன் என்ற மருத்துவரின் குழு இங்கிலாந்தில் எழுதியது.

சேதி அரைகுறையானால் தசை தாமதமாக விழிக்கலாம். அந்தத் தாமதத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஆளைப் பலகைமேல் நிறுத்துவார்கள். ஒரு காலுக்கடியில் உள்ள பகுதி, சொல்லாமல் கொள்ளாமல், 30 டிகிரி போலச் சாயும். கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் ஒட்டிய, தசையின் மின்னோட்டத்தை உணரும் ஈ.எம்.ஜி. பட்டைகள் தசை எப்போது விழித்தது என்று பதியும். பலகை சாய்ந்ததிலிருந்து நல்ல காலில் சுமார் 60, 70 மில்லிசெகண்ட். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிசெகண்ட். அடிக்கடி பிசகும் காலில் 80-ஐத் தாண்டியதாகச் சில ஆய்வுகள் காட்டின. வித்தியாசமே இல்லை என்ற ஆய்வுகளும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விழித்த தசை பிடிப்பை முழுசாகக் கொண்டுவர இன்னும் நேரம் ஆகும். கால் அதற்குள் மடங்கியே விடலாம். ஆகவே வேகத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. பாதம் தரையைத் தொடும் முன்பே தசை தயாராக இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, ஆடும் பலகையில் நிற்பது, நின்றபடியே பந்தைப் பிடித்து எறிவது என்று பிசியோதெரபிஸ்ட் வாரக்கணக்கில் செய்யச் சொல்வது இதற்குத்தான். வலி நின்றதும் நம் பிள்ளைகள் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, பையனை இறக்கும் முன் ஒரு காலில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு மறுகாலில். பிசகிய கால் தள்ளாடினால் இன்னும் சில வாரம் பயிற்சி பாக்கி. அடிபட்ட அன்றைக்கே நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லையா? நீவ வேண்டாம். நேரே ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள்.