ரத்த வங்கியில இருந்து ஃபோன் வந்தா எடுங்க

இந்த எபிசோட்ல ஹெபடைட்டிஸ் பி பத்திப் பேசப்போறோம். ரத்த தானம் பண்றவங்க முழுசா கேளுங்க.

ராசிபுரத்துல ஒரு காலேஜ்ல ரத்த தான முகாம்னு வச்சுக்குவோம். 22 வயசுப் பையன் ஒரு யூனிட் குடுக்குறான். ஜூஸ் குடிச்சுட்டு, சர்ட்டிஃபிகேட்டோட ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறான். அந்த ரத்தம் ரத்த வங்கிக்குப் போகுது. அங்க எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா, இந்த அஞ்சுக்கும் டெஸ்ட் கட்டாயம். எதுலயாவது பாசிட்டிவ்னா அந்த ரத்தத்த யாருக்கும் ஏத்த மாட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஃபோன் வருது: "தம்பி, ஒரு தடவ நேர்ல வந்துட்டுப் போங்க."

அவன் போகல. "நான் நல்லாத்தானே இருக்கேன்? போனா வீட்டுக்குத் தெரிஞ்சுடும்"னு ஒரு பயம்.

நல்லா இருக்கிறதுதான் இந்த வைரஸோட வேலையே. பொறக்கும்போது அம்மாகிட்ட இருந்து வந்தா, 10 குழந்தைல 9 பேருக்கு அது உடம்புலயே தங்கிடும். பெரியவங்களா ஆனப்புறம் வந்தா, 100ல 5 பேருக்கும் கம்மியாத்தான் தங்கும். தங்குனது இருபது முப்பது வருஷம் சத்தமே இல்லாம கல்லீரல்ல இருக்கும். அப்புறம் ஒரு நாள் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது சிலருக்கு கல்லீரல் சுருங்கிப் போயிருக்கும், சிலருக்கு கேன்சரே வந்திருக்கும். அந்த வார்டுல படுத்திருக்கிறவருக்கும் ஒரு காலத்துல 22 வயசுதான். அன்னைக்கு அவர யாரும் டெஸ்ட் பண்ணல.

"கண்ணு மஞ்சளாச்சுன்னா கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போச்சு"ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. இதுக்கு ஒரு ஆராய்ச்சிக் கதையே இருக்கு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ அடையாளம் காட்டுன எச்.பி.எஸ்.ஏ.ஜி புரதத்த 1960கள்ல கண்டுபிடிச்சவர் அமெரிக்காவோட பரூக் ப்ளம்பெர்க். 1976ல நோபல் வாங்குனாரு. சென்னைப் பல்கலைக்கழகத்தோட எஸ்.பி. தியாகராஜன் குழு அவரோட சேர்ந்து கீழாநெல்லியச் சோதிச்சு, 1988ல லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு அந்தப் புரதம் மறைஞ்சுது. வெறும் டம்மி மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா பின்னாடி மத்த இடங்கள்ல நடந்த சோதனைகள்ல அந்தப் பலன் கிடைக்கல. அதனால இத மட்டும் நம்பி உக்கார முடியாது. அதோட, நம்ம பையனுக்குக் கண்ணு மஞ்சளாவே இல்லையே!

சரி, ஃபோன் வந்தா என்ன பண்ணணும்? போங்க. மறுபடி டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணுவாங்க. ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்கு, கல்லீரல் எப்படி இருக்குன்னு பாப்பாங்க. எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, சிலருக்கு செக்கப் மட்டும் போதும். தேவைப்படுறவங்களுக்கு டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை இருக்கு, வைரஸ அடக்கி வைக்கும். ஹெபடைட்டிஸ் சியா இருந்தா பெரும்பாலும் 12 வாரத்துலயே குணமாயிடும். 2018 ஜூலை 28ல தொடங்குன தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்துல டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல விசாரிங்க.

வீட்டுல எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும். நெகட்டிவா இருந்து, ஏற்கெனவே தடுப்பூசி போடாதவங்க மூணு டோஸ் போட்டுக்கணும். ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப்பிடிச்சா பரவாது. பிளேடு, டூத்பிரஷ் மட்டும் தனியா வச்சுக்கணும். கல்யாணமும் தடையில்ல, துணைக்கு உண்மையச் சொல்லி முன்னாடியே ஊசி போட்டுட்டா போதும்.

கடைசியா ஒண்ணு. டெஸ்ட் பண்ணிக்கிறதுக்காக ரத்தம் குடுக்காதீங்க. தொற்று வந்த ஆரம்ப நாட்கள்ல டெஸ்ட்ல தெரியாமப் போகலாம், அந்த ரத்தம் இன்னொருத்தருக்குள்ள போயிடும். சந்தேகம் இருந்தா நேரா லேபுக்குப் போங்க. முகாம்ல குடுக்குற ஃபார்ம்ல உங்க நம்பரச் சரியா எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.