மலை ஏறுமுன் வானத்தைப் பாருங்கள்

(கீரனூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

என் வேலை அனுபவத்தைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். ஆனால் காலையில் டீ குடிக்கும்போது இறுதியாண்டுத் தம்பிகள் சிலர், “அண்ணே, டிசம்பர்ல இமயமலைக்கு டிரெக்கிங் போறோம்” என்றார்கள். “வானிலை பத்தி விசாரிச்சீங்களா?” என்று கேட்டேன். “குளிரும்ணே, ஸ்வெட்டர் வாங்கிட்டோம்” என்று பதில் வந்தது. அதனால் தலைப்பை மாற்றிக்கொண்டேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

நானும் அப்படி இருந்தவன்தான். இரண்டாமாண்டு படிக்கையில், ஓர் அக்டோபர் ஞாயிறு, நாங்கள் நான்கு பேர் நார்த்தாமலைக்குப் போனோம். விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்துவிட்டு, மொட்டைப் பாறையில் இன்னும் மேலே ஏறினோம். மதியம் இரண்டு மணி இருக்கும். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பிகளா, மேக்கே கருக்குது, இறங்கிருங்கப்பா” என்றார். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். நாங்கள் சிரித்தோம். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் இடி பிடித்துக்கொண்டது. மழைக்கு ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினோம். எதிர்ப் பாறையில் மின்னல் விழுந்தது. எங்களில் ஒருவன் தூக்கி எறியப்பட்டான். இரண்டு மணி நேரம் அவன் கால் மரத்தே கிடந்தது. பிழைத்தான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

பிறகுதான் காரணத்தைப் படித்தேன். வெயிலில் பாறை சூடேறுகிறது. சூடான ஈரக்காற்று மேலே கிளம்புகிறது. பிற்பகலில் அது இடிமேகமாகத் திரள்கிறது. மின்னல் ஓரிடத்தில் விழுந்தாலும் மின்சாரம் தரை வழியே பரவும். அதனால் ஆழமில்லாத பாறை இடுக்கும் ஆபத்து, தனி மரத்தடியும் ஆபத்து. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள்.

நார்த்தாமலைக்கே இந்தக் கணக்கு என்றால் இமயமலைக்கு எப்படி இருக்கும்? வேலைக்குப் போன பிறகு ஒரு டிசம்பரில் உத்தரகண்டின் கேதார்கந்தாவுக்குப் போனேன். உயரம் சுமார் 12,500 அடி. அடிவார ஊர் சாங்க்ரி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சாங்க்ரியில் 7 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 5. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 14 போலத் தெரியும். வியர்வையில் நனைந்த பனியன் இருந்தால் இன்னும் மோசம். ஸ்வெட்டர் மட்டும் போதாது தம்பி, காற்றைத் தடுக்கும் மேலுடை வேண்டும்.

அங்கே குளிர்காலப் பனிப்பொழிவுக்கு முக்கியக் காரணம், மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சலனங்கள். உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது எங்கள் வழிகாட்டி நின்றுவிட்டான். இருபது வயதுப் பையன். எதிரே ஒரு சிகரத்தின் மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி மேகம். காற்றும் திசை மாறியிருந்தது. “கீழே போகலாம் சார்” என்றான். பணம் கட்டி, லீவு போட்டு, ரயிலில் மூன்று நாள் வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? கூட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். எனக்கு அந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஞாபகம் வந்தார். முதலில் திரும்பியவன் நான்தான். அன்று இரவு கூடாரத்தைச் சுற்றி முழங்கால் அளவு பனி. அந்த உச்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

புதுப்பனி பெய்து வானம் வெளுத்த மறுநாள்தான் பார்க்க அழகாக இருக்கும். குல்மார்க் போன்ற இடங்களில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கும் கால் அரிக்கும். ஆனால் பனிச்சரிவுக்கு அஞ்ச வேண்டிய நேரமும் அதுதான். 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் அது பெரும்பாலும் நிகழும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு கிட்டத்தட்ட அந்தத் தொடக்கக் கணக்குதான். காற்று பனியை வாரிக் கொண்டுபோய் மறுபக்கச் சரிவில் குவிக்கும். அதன்மேல் ஓர் ஆள் ஏறும் பாரமே சில நேரம் போதும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தவர்கள், பயிற்சி தந்தவர்கள். நாம் எம்மாத்திரம்?

ஆகவே, கிளம்புமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். பனிச்சரிவு எச்சரிக்கையை சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று முதல்நாள் இரவே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அந்த முடிவை எடுக்க மனசு வராது. உள்ளூர்க்காரர் இறங்கு என்றால் இறங்குங்கள். அவருக்கு நம் சர்டிபிகேட் இருக்காது. ஆனால் அந்த வானத்தை அவர் தினமும் பார்க்கிறார்.

மலை எங்கும் போய்விடாது. நீங்கள் பத்திரமாகத் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.