பதின்பருவ மூளையும் டோபமைன் ஏற்பிகளும்

ஆபத்து என்று தெரியாததால்தான் பதின்பருவத்தினர் அதில் இறங்குகிறார்கள் என்பது பரவலான எண்ணம். அது சரியல்ல. 16 வயதுக்குள் தர்க்கமாகச் சிந்திக்கும் திறன் ஏறக்குறையப் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. தலைக்கவசமின்றி வண்டியை விரட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் சரியான விடையே வரும். தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விடையின் ஒரு பகுதி மூளையின் டோபமைன் ஏற்பிகளில் இருக்கிறது.

டோபமைன் தனியொரு நரம்புக்கடத்தி என்பதை 1950களின் பிற்பகுதியில் காட்டியவர் சுவீடனின் அர்விட் கார்ல்சன். 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பத்திரிகைகள் இதை ‘இன்ப ரசாயனம்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது அவ்வளவு எளிமையானதல்ல. பழச்சாறு எதிர்பாராமல் கிடைக்கும்போது டோபமைன் செல்கள் விறுவிறுப்படைகின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் அவற்றில் மாற்றமில்லை. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் இயல்பான துடிப்பும் அடங்கிவிடுகிறது. ஆக, டோபமைன் சொல்லும் செய்தி இன்பத்தின் அளவு அல்ல. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு.

அச்செய்தி செல்லுக்குள் என்ன செய்யும் என்பதை அதைப் பெறும் ஏற்பிகள் தீர்மானிக்கின்றன. டி1 முதல் டி5 வரை ஐந்து வகைகள் உண்டு. டி1, டி5 ஆகியவை செல்லின் உட்சமிக்ஞையைக் கூட்டும்; மற்ற மூன்றும் குறைக்கும். டி2 ஏற்பிகளில் சில டோபமைனைச் சுரக்கும் செல்லின் மேலேயே அமர்ந்து, சுரப்பு மிகாமல் தடுக்கின்றன.

பதின்பருவத்தில் இந்த அமைப்பு மாறுகிறது. மார்ட்டின் டெய்ச்சர், சூசன் ஆண்டர்சன் குழுவினர் 1990களில் எலிகளை ஆராய்ந்தபோது, ஸ்ட்ரையேட்டம் பகுதியில் ஏற்பிகள் பருவமடையும் காலத்தையொட்டி மிகுதியாகப் பெருகி, பிறகு கழிவதைக் கண்டனர். ஆண் எலிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. முன்நெற்றிப் புறணியில் இந்தக் கழிவு தாமதமாகவே நடந்தது. ஊக்கும் பகுதியான ஸ்ட்ரையேட்டம் முந்திக்கொள்ள, நிறுத்தும் பகுதியான முன்நெற்றிப் புறணி பிந்தி முதிர்கிறது என்ற கருத்துக்கு இது ஓர் ஆதாரம்.

இதை மனிதரிடம் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துச் செய்த சோதனை, எந்தச் சூழலில் பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது என்பதைக் காட்டியது. நண்பர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள்; 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை.

பதின்பருவத் துணிச்சல் இட்டுச்செல்லும் ஆபத்துகளில் ஒன்றான போதைக்கு அடிமையாதல் குறித்த விவாதம் பெரிதும் டி2 ஏற்பியைச் சுற்றி நடந்துவருகிறது. கோக்கைன் பயன்படுத்துவோரிடம் டி2 குறைந்திருப்பதை நோரா வால்கோவ் 1990களில் மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் காட்டினார். முன்பே குறைவாக இருந்ததா, போதையால் குறைந்ததா? அந்தப் படங்களால் அதைச் சொல்ல இயலவில்லை. 2007இல் கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி டாலி குழுவினர், போதைப்பொருளையே அறியாத எலிகளில் அவசரக் குணம் உள்ளவற்றைப் பிரித்துப் பார்த்தனர். அவற்றிடம் டி2, டி3 ஏற்பிகள் ஏற்கெனவே குறைந்திருந்தன. பின்னர் கோக்கைனை அதிகம் நாடியவையும் அவையே. முன்பே இருக்கும் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை இது காட்டியது.

ஆனால் அந்தக் குறைவு பிறப்போடு முடிவான ஒன்றல்ல. மைக்கேல் நேடர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனியே அடைக்கப்பட்டிருந்தபோது மக்காக் குரங்குகளின் டி2 அளவுகள் ஒத்தே இருந்தன. கூட்டமாக வாழவிட்டதும் மேலாதிக்கம் பெற்றவற்றிடம் அளவு உயர்ந்தது. அடங்கி வாழ்ந்தவற்றிடம் உயரவில்லை. கோக்கைன் அடங்கியவற்றையே ஈர்த்தது. இத்துறையில் இதைவிடக் கவனத்துக்குரிய முடிவு அரிது: கூட்டத்தில் கிடைக்கும் இடம் ஏற்பியின் அளவையே மாற்றுகிறது.

மரபணு வழித் தேடல் இவ்வளவு தெளிவு தரவில்லை. 1990இல் கென்னத் பிளம் குழுவினர் குடிநோயோடு தொடர்புபடுத்திய டி2 மரபணு மாறுபாடு, அடுத்துள்ள வேறொரு மரபணுவில் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஒற்றை மரபணுவைக் காட்டி ஒரு மாணவனை ‘இவன் கெட்டுப்போவான்’ என்று முத்திரை குத்துவதற்கு அறிவியலில் இடமில்லை.

ஆகவே இத்துறை ஆய்வுகளை எடுத்துரைப்போர், தாம் சொல்லும் ஒவ்வொரு முடிவும் எந்த உயிரினத்தில், எந்த வயதில், மூளையின் எந்தப் பகுதியில் கண்டது என்பதை முதலில் கூறிவிட்டு, அதன் பிறகு பள்ளிகளுக்கும் பெற்றோருக்குமான பரிந்துரைகளுக்கு வர வேண்டும்.