வழியில் ஓர் ஊர்



ஊருக்குப் போகிறோம் என்று சொல்லும்போது, புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊருமே நம் நினைவில் நிற்கின்றன. நடுவில் உள்ளவை வெறும் நிலையப் பலகைகள். தில்லியிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வருபவருக்கு குவாலியர் என்றால் இரவு. பல்லார்ஷா என்றால் பகற்சோறு. விஜயவாடா என்றால், விடிந்தால் சென்னை. ஆனால், அந்த நடு ஊர்களில்தான் நம்மவர் பலருடைய இளமை கழிந்திருக்கிறது. மாற்றலாகும் உத்தியோகத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடார்சியில் ஒருவர், ஜான்சியில் ஒருவர், போபாலில் ஒருவர் என்று அவர்களுக்கு நண்பர்கள் இருப்பார்கள். அடுத்த முறை கட்டாயம் இறங்குகிறேன் என்ற வாக்குறுதியும் கூடவே இருக்கும்.

இப்படி இறங்காமல் போகிறவர்கள் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைப்பதுண்டு. காணாமலே நட்புக் கொண்டவர்கள் அல்லரோ அவரும் கோப்பெருஞ்சோழனும் என்பார்கள். உண்மைதான். ஆனால், அந்த வரலாற்றின் பிற்பகுதியை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சோழன் வடக்கிருந்தபோது தன் அருகே அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தான். பாண்டிய நாட்டிலிருந்து அவரும் வந்து சேர்ந்தார். வராமலே இருந்திருந்தால் அந்த நட்பைப் பற்றி இன்று யார் பேசப்போகிறார்கள்?

சென்ற மாசியில், தில்லி வீட்டை ஒழித்துக்கொண்டு திருச்சிக்குக் குடிபெயர நேர்ந்தது. வீட்டார் ரயிலில் முன்னே சென்றுவிட்டனர். காரைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று. இந்த வயதில் தனியாகவா என்று பிள்ளைகள் தடுத்தார்கள். பகலில் மட்டுமே ஓட்டுவது என்ற நிபந்தனையின் பேரில் புறப்பட்டோம்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் அந்தப் பெருவழிக்கு 2010-ஆம் ஆண்டின் எண்மாற்றத்திற்குப் பிறகு 44 என்று பெயர். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர் என்று இறங்கி, நரசிங்கபூருக்கு முன்பு நர்மதையைக் கடக்கிறது. சிவனிக்குத் தெற்கே பெஞ்ச் காட்டை ஒட்டிய பகுதியில் சாலையைத் தூண்களின்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே லாரிகள் ஓட, அடியில் மானும் புலியும் தம் வழியே போகலாம். ரயிலில் எத்தனை முறை வந்தாலும் இது நம் கண்ணில் பட்டிராது.

நாக்பூரை அடைந்தபோது இரண்டாம் நாள் மாலை. 1980-இல் உத்தியோகத்தின் முதற்படியாக நாம் வந்து இறங்கிய ஊர் அது. தரம்பேட்டில் ஓர் அறையில் மூவர் குடியிருந்தோம். நாம் நான்கே ஆண்டுகளில் தில்லிக்கு மாற்றலாகிப் போனோம். மற்ற இருவரும் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். ஒருவர் திருநெல்வேலிக்காரர். மற்றவர் மதுரைப் பக்கத்தவர். மராட்டியப் பெண்மணியை மணந்துகொண்டவர்.

திருநெல்வேலி நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் முன்கூட்டி ஓர் உள்நாட்டுக் கடிதம் எழுதிவிடுவது வழக்கம். வண்டி நாக்பூரில் நிற்கும் சில நிமிடங்களில், கையில் பொட்டலத்தோடு அவர் சன்னலருகே நிற்பார். புளியோதரை, தயிர்சாதம், பருவகாலமானால் ஒரு பை நிறைய ஆரஞ்சு. உடம்பு எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அம்மா சௌக்கியமா என்பதற்குள் வண்டி ஊதிவிடும். முப்பது ஆண்டுகள் இப்படியே நடந்தது. கைப்பேசி வந்த பிறகும் பேச்சு அதே ஐந்து நிமிடப் பேச்சாகவே இருந்தது.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. காதும் சற்று மந்தம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "வாரும் வே! வண்டி எத்தனை நிமிஷம் நிக்கும்?" என்றார். சிரித்தோம். ஆனால், உள்ளே சென்று அமர்ந்ததும் நடந்தது வேடிக்கையானது. உடம்பு, பிள்ளைகள், பேரன்மார் என்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கால் மணிக்குள் எல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. ஊதிப் புறப்பட வண்டியும் இல்லை. அந்த மௌனம் எளிதாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

மதுரை நண்பர் மனைவியோடு வந்து சேர்ந்த பிறகே இறுக்கம் தளர்ந்தது. அந்த அம்மாள் தமிழ் கற்றது திருநெல்வேலி நண்பரின் மனைவியிடம். ஆகையால் மராட்டிய வாயிலிருந்து வருவது தாமிரபரணித் தமிழ். "அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டபோது, நம் ஊர்ப் பேச்சை நம் பேரப்பிள்ளைகளைவிட அவரே காத்து வைத்திருக்கிறார் என்று தோன்றிற்று.

உணவுக்குப் பின் பேச்சு பழைய பொட்டலங்களைத் தொட்டது. அப்போது நண்பரின் மனைவி, "அந்த ரெண்டு வருஷமும் ஆரஞ்சுக்குக் காசு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க அண்ணாச்சி" என்றார். நண்பர் கையமர்த்தினார். அவரோ நிறுத்தவில்லை. 1994-இல், பொய்ப் புகார் ஒன்றின் பேரில் நண்பர் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். குற்றமற்றவர் என்று தீர்ப்பாக இரண்டு ஆண்டுகள் ஆயின. பிழைப்பூதியம் அரைச் சம்பளமே. இரவில் ஒரு கடைக்குக் கணக்கெழுதிக் குடும்பத்தை நடத்தியிருக்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளிலும் நாம் நான்கு முறை நாக்பூரைக் கடந்தோம். நான்கு முறையும் பொட்டலம் வந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அஞ்சு நிமிஷத்துல சொல்ற சங்கதியா வே அது? சொல்லியிருந்தா நீர் சென்னை வரைக்கும் தூங்கியிருக்க மாட்டீரு" என்றார். மதுரை நண்பருக்கு அது அன்றே தெரிந்திருந்தது. கடைக் கணக்கு வேலையைத் தேடிக் கொடுத்தவரே அவர்தான். ஒரே ஊரில் இருப்பவனுக்குத் தெரிவது, கடந்து போகிறவனுக்குத் தெரிவதில்லை. அன்றிரவு இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்திலும் சொல்லாமல் விட்டவை சில இருந்தன, அவற்றையும் சொன்னோம்.

மறுநாளே புறப்படுவதாக இருந்தவர்கள் மூன்று நாள் தங்கினோம். ஒரு காலை, மதுரை நண்பர் 'ஜீரோ மைல்' தூணிடம் அழைத்துச் சென்றார். நான்கு குதிரைச் சிலைகளோடு நிற்கும் அந்தத் தூணை இந்தியாவின் நடுப்புள்ளி என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பார்த்தால் நிலஅளவையின் கதை நினைவுக்கு வரும். 1802-இல், சென்னைப் பரங்கிமலை அருகே அளவுச் சங்கிலியை நீட்டித் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். இருபத்தோராண்டுகள் வடக்கு நோக்கி அளந்துகொண்டே வந்தவர், 1823-இல் நாக்பூருக்குப் போகும் வழியில் இங்கண்காட் என்ற ஊரில் இறந்தார். நாக்பூரை அவர் அடையவில்லை.

நான்காம் நாள் விடியலில் புறப்பட்டபோது, பொட்டலம் வண்டியின் முன்னிருக்கையில் ஏறிவிட்டது. இங்கண்காட் அந்தப் பெருவழியிலேயே இருக்கிறது. அங்கே தேநீருக்கு நிறுத்தினோம். பெண்கங்கைப் பாலத்தருகே ஒரு புளியமரத்தடியில் தயிர்சாதம் உண்டோம். இருவருக்குப் போதுமான அளவு இருந்தது.

ஐப்பசியில் அவர்கள் நால்வரும் திருச்சிக்கு வருவதாக இருக்கிறார்கள். திரும்புவதற்கு இப்போதே சீட்டு எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.