கடலறிவு கரிசலுக்கு வருக!
(கோவில்பட்டியில் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கரிசல் மண்ணில் நின்று கடலைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பருத்தியும் ஒருங்கே கருகும் நிலம் இது. குடிநீருக்கே குடம் ஏந்தி நின்ற ஊர் இது. ஆயினும், கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை 40 கல் தொலைவிற்குள்ளேதான் உள்ளது. இக்கரிசலின் மழைநீரை வாங்கிச் செல்லும் வைப்பாறு, சாத்தூரைக் கடந்து விளாத்திகுளம் வழியே ஓடிச் சிப்பிக்குளத்தருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. அன்று உமணர் வண்டியேற்றி உள்நாட்டிற்குக் கொணர்ந்த உப்பைப் பற்றிக் கழக நூல்கள் பேசுகின்றன. இன்றும் இவ்வூர்ச் சந்தைக்கு உப்பும் கருவாடும் அக்கரையினின்றே வருகின்றன. வராதது ஒன்றுண்டு; அக்கடலைப் பற்றிய அறிவு!

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவை 1986இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989இல் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய வளைகுடாப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 3,600க்கும் மேற்பட்ட உயிரினங்கள் ஆங்குள்ளனவாக எண்ணியுள்ளனர். பவள வகைகள் மட்டும் நூற்றுக்கு மேற்படுவன. பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, சங்கு, முத்துச்சிப்பி, கடற்புல் மேயும் ஆவுளியா என அச்செல்வம் விரியும். ஆசுத்திரேலியக் கடலிலுள்ள பெரும்பவளத் திட்டைப் பற்றிப் பொத்தகத்திற் படித்து ஒப்புவிக்கும் கரிசல் மாணவன், தன் ஊர் ஆறு சென்று சேரும் கடலிலும் பவளம் உண்டென்பதை அறியான். இது அவன் குற்றமா? அன்று. அவனுக்குச் சொல்வார் இல்லை.

ஆராய்ந்தார் இல்லையோ எனின், நிரம்ப உளர். குருசடைத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே நூல் வெளியிட்டது. ஆர்னெல் என்னும் ஆங்கிலேயர் 1914இல் சங்கைப் பற்றித் தனிநூலே எழுதினார். நடுவண் கடல்மீன் ஆய்வு நிலையம் 1947இல் நிறுவப்பெற்றது. மண்டபத்தில் அதற்குப் பெரும் நிலையம் உண்டு. அதன் தூத்துக்குடிப் பிரிவில் 1973இல் முத்து வளர்ப்பு வெற்றி பெற்றது. 1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தோன்றியது. பரங்கிப்பேட்டையிலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நடுவம் பன்னெடுங் காலமாக மாணவரைப் பயிற்றுகிறது. ஆண்டுதோறும் தமிழ் இளைஞர்கள் இக்கடலில் மூழ்கி, எண்ணி, அளந்து, ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுகின்றனர். அவ்வேடுகள் ஏறத்தாழ அனைத்தும் ஆங்கிலத்தில்! ஆய்வுக்குப் படகோட்டியவன் தமிழ் மீனவன்; "இந்தப் பாரில்தான் அது கிடக்கும்" என்று காட்டியவனும் அவனே. கண்டறிந்த செய்தி மட்டும் அவனுக்குத் திரும்பி வருவதில்லை.

வராமையால் விளைந்த கேடு சிறிதன்று. பவளம் என்பது வெறுங் கல்லன்று; மிகச் சிறிய உயிர்கள் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துக் கட்டிய கூடு. அவற்றின் உடலுள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டு உணவாக்கித் தருகிறது. நீர் அளவு கடந்து சூடேறின் அப்பாசி நீங்கும், பவளம் வெளிறும், சூடு நீடித்தால் மாயும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் இவ்வெளிறல் நேர்ந்தது. இதனைக் கல்லென்றே எண்ணிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். ஏறத்தாழ 110 சதுரக் கிலோமீட்டர் பவளப் பரப்பில் 32 சதுரக் கிலோமீட்டர் இவ்வாறு சிதைந்ததென மூழ்கி ஆய்ந்தோர் கணித்தனர். பார் சிதைந்தால் அலையைத் தடுப்பது எது? பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் நீருள் மறைந்தன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு 1986இல் 16 எக்டேர் இருந்தது. 2014இல் 2 எக்டேருக்கும் குறைந்தது. 2015ஆம் ஆண்டு முதல் துளையிட்ட கற்காரைக் கட்டுகளை அதன் எதிரே கடலில் இறக்கிச் செயற்கைப் பார் அமைத்த பின்னரே அத்தீவு நிலைபெறலாயிற்று. வெட்டியவனுக்குப் பவளம் உயிரென்பதை அவன் மொழியில் எவரேனும் முன்னரே சொல்லியிருந்தால், வெட்டிய கைகளுள் சிலவேனும் தயங்கியிருக்கும்.

இன்னொன்று காண்க. 2001 சூலைத் திங்களில் பவளம், கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றுடன் சுறா, திருக்கை இனம் முழுமையும் காட்டுயிர்ச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் ஏற்றப்பெற்றன. மீனவர் கொதித்தெழவே, சுறா, திருக்கைப் பட்டியல் அவ்வாண்டுத் திசம்பரில் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. பட்டியலில் இருந்த பெயர்களோ இலத்தீன்! "இரிங்கோபேட்டசு" என்று எழுதியிருந்தால் அது தன் வலையில் விழும் உழுவை என்றும், "பிரிசுடிசு" என்றால் அது வேளா என்றும் மீனவன் எங்ஙனம் அறிவான்? 2022இல் சட்டம் திருத்தப்பெற்றுப் பட்டியல் மேலும் நீண்டுள்ளது. பெயர் தெரியாத உயிரைப் பிடித்ததற்காக வழக்கும் சிறையும் காத்திருக்கும் நிலையை என்னென்பது! அவ்வுயிர்கள் காக்கப்பட வேண்டியவையே. அதில் இரண்டாம் கருத்தில்லை. காக்க வேண்டியவன் அறியும் மொழியில் அதனைச் சொல்லாமைதான் குற்றம்.

இவ்விடத்துத் தனித்தமிழ்ப் பற்றாளரும் தம் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நன்று. ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் அறைக்குள் அமர்ந்து சொல்லாக்கும் விரைவு சிலரிடம் உண்டு. ஆங்கிலேயன் வெள்ளரி என்றான் என்பதற்காகக் 'கடல் வெள்ளரி' என்று எழுதினர். கடற்கரையில் அது தொன்றுதொட்டுக் கடல் அட்டை. அதிலும் வெள்ளையட்டை, அரச அட்டை எனப் பிரித்தறிவர். ஆங்கிலத்தைப் பெயர்த்துக் 'கடற்பசு' என்றனர். மன்னார்க் கரையில் அஃது ஆவுளியா. (அச்சொல்லின் முதலில் நிற்கும் 'ஆ' ஆனைக் குறிப்பதென்று சொல்ல நா எழும்; சான்றின்றிச் சொல்லலாகாது.) 2022இல் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டரில் இவ்வுயிர்க்கெனக் காப்பகம் அமைந்தபோதும் கடற்பசு என்னும் பெயரே நிலைத்தது. 'செல்லி மீன்' என அரைகுறையாய் எழுதப்படுவது மீனே அன்று; அதற்குச் சொறி என்னும் பெயர் உண்டு. 'பவளப்பாறை' என்னும் வழக்கும் ஆய்தற்குரியது. பாறை எனச் சொல்லச் சொல்ல உயிரென்னும் உணர்வு மங்குகிறது. மீனவர் சொல் பார். அகரமுதலியைத் திறக்குமுன் கடற்கரைக்குச் சென்று கேட்பதே முறை.

செய்துகாட்டியோர் இல்லாமலில்லை. சென்னையில் மாணவர் கடலாமைக் காப்பு அமைப்பு 1988இல் தொடங்கியது. சனவரி முதல் ஏப்பிரல் வரை மாணவர்கள் இரவுதோறும் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை மணலிற் புதைத்த முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்திற் சேர்க்கின்றனர். நகர விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்குச் செல்லவிடாது நிலத்தின் பக்கம் ஈர்த்துவிடும் என்பதே அதற்குக் கரணியம். அந்நடையில் பொதுமக்களும் உடன் வர அழைக்கப்பெறுகின்றனர். சிறுவர், முதியோர், அலுவலர் எனப் பலரும் நள்ளிரவில் மணலில் நடந்து, ஆமை இட்டுச் சென்ற தடத்தைத் தம் கண்ணாற் கண்டனர். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு தடம் செய்யும். கடல்மீன் ஆய்வு நிலையமும் தன் நிறுவன நாளையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் வழக்கமுடையது. அந்நாளில் கரிசற் பள்ளிகளிலிருந்து எத்தனை வண்டிகள் புறப்படுகின்றன? குற்றாலத்திற்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள், ஓராண்டேனும் கிழக்கு நோக்கி வண்டியைத் திருப்பலாகாதா?

பட்ட ஆய்வு செய்யும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் வேண்டும் எனப் பல்கலைக்கழகம் கேட்குமாயின் கொடுத்துவிட்டுப் போகட்டும். அதனோடு, கண்டதென்ன, அதனால் மீனவர்க்கும் மற்றையோர்க்கும் ஆவதென்ன என்பதைத் தமிழில் பத்துப் பக்கத்திற்கு எழுதி, ஆய்வு செய்த ஊரின் மீனவர் கூட்டத்திற் படித்துக் காட்டுதல் வேண்டும். பிழையிருப்பின் அவர்களே திருத்துவர். ஆண்டு முழுதும் கடலிற் கிடப்போர்க்கு நீவாடும் தெரியும், காற்றும் தெரியும். இலத்தீன் பெயரை வெறுக்க வேண்டா; பிறநாட்டாரோடு பேச அது தேவை.

பள்ளி மாணவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோவில்பட்டிச் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு வரும் அம்மையாரிடம் சென்று நெத்திலி, சாளை, வாளை, திருக்கை, சுறா என ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கட்டும். ஏட்டில் நான்கு கட்டங்கள் போதும். அவர் சொல்லும் பெயர் முதற் கட்டத்தில். எக்கரையினின்று வந்தது என்பது இரண்டாவதில். எத்திங்களில் மிகுதியாக வரும் என்பது மூன்றாவதில். நான்காம் கட்டம் இலத்தீன் பெயருக்கு. அதனை விலங்கியல் ஆசிரியர் பிறகு நிரப்பித் தருவார்.